குற்ற இலக்கிய வகுப்பில் ஜோட்டெரோ: சேர்ப்பதில் கெட்டி, அச்சில் தடுமாற்றம்

உண்மைக் குற்ற இலக்கியத்தைப் பாடமாக வைக்கும் வகுப்புகளில் மாணவர்களுக்கு முதலில் தரப்படும் பெரிய பணி, பெரும்பாலும், குறிப்புரையுடன் கூடிய துணைநூற்பட்டியல்தான். ஒவ்வொரு மூலத்துக்கும் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு முதலிய விவரங்களை உரிய நடையில் எழுதி, அதன் கீழே 100 முதல் 200 சொற்களுக்குள் அந்த மூலம் என்ன சொல்கிறது, அதை எந்த அளவுக்கு நம்பலாம், நம் ஆய்வில் அது எங்கே பயன்படும் என்று எழுத வேண்டும். மற்றப் பாடங்களில் இந்த நடுக்கேள்வியை ஒரு வரியில் கடந்துவிடலாம். குற்ற இலக்கியத்தில் அப்படி முடியாது; எதை நம்புவது என்பதே அங்கே பாடத்தின் மையம். இந்தப் பணிக்கு ஜோட்டெரோ என்னும் மென்பொருள் எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதைப் பற்றியது இந்த மதிப்புரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூலங்களைச் சேர்ப்பதிலும் ஒவ்வொரு கூற்றையும் அது வந்த பக்கத்தோடு கட்டிவைப்பதிலும் இதற்கு இணையான இலவச மென்பொருள் அரிது, எழுதிய குறிப்புரையைப் பட்டியலோடு சேர்த்து வெளியே எடுக்கும் கடைசிப் படியில்தான் அது தடுமாறுகிறது.

ஜோட்டெரோ 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் ஒரு நீட்சியாகத் தொடங்கியது. இன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் தனி மென்பொருளாக இயங்குகிறது. மூலநிரல் திறந்தே இருக்கிறது. பயன்படுத்தக் கட்டணம் இல்லை. 2022-இல் வந்த ஆறாம் பதிப்பு பி.டி.எஃப். கோப்புகளை உள்ளேயே படித்துக் கோடிடும் வசதியைக் கொண்டுவந்தது. 2024-இல் வந்த ஏழாம் பதிப்பு அதே வசதியை இ-பப் நூல்களுக்கும் சேமித்துவைத்த இணையப் பக்கங்களுக்கும் விரித்தது. இந்த இரண்டு மாற்றங்களுக்கும் முன்பு ஜோட்டெரோவைப் பார்த்துவிட்டு, மேற்கோள் பட்டியல் போடும் கருவி என்று மட்டும் நினைத்து ஒதுக்கியவர்கள் மறுபடி ஒருமுறை பார்க்கலாம்.

ஒரு நாவலைப் பற்றிய கட்டுரைக்கு நாவலும் சில விமர்சனங்களும் போதும். ஒரு கொலை வழக்கைப் பற்றிய நூலை ஆராய்பவருக்கோ நூலோடு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும், வழக்கு நடந்த காலத்து நாளிதழ்ச் செய்திகள் வேண்டும், நூலாவதற்கு முன் வார இதழில் வந்த வடிவம் வேண்டும், பின்னால் வந்த மறுப்புகளும் வேண்டும். இப்போதெல்லாம் பாட்காஸ்ட்டும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. ஜோட்டெரோவில் நூல், நூற்பகுதி, வார இதழ்க் கட்டுரை, நாளிதழ்ச் செய்தி, ஆய்விதழ்க் கட்டுரை, வழக்கு, விசாரணை, நேர்காணல், கையெழுத்துப் படி, பாட்காஸ்ட் என ஒவ்வொன்றுக்கும் தனி வகை உண்டு. உலாவியில் ஒரு பொத்தானை அழுத்தினால், பக்கத்தில் இருப்பது நூலா செய்தியா என்று தானே கண்டறிந்து, விவரங்களைப் பிரித்து எடுத்துக்கொள்கிறது. கூடவே அந்தப் பக்கத்தின் முழுப் படி ஒன்றையும் சேமிக்கிறது. குற்றச் செய்திகளில் இது மிகவும் பெறுமதியானது. வழக்கு நகர நகர இணையச் செய்திகள் திருத்தப்படுகின்றன, சில நீக்கப்படுகின்றன. மாணவர் படித்த வடிவம் எது என்பதற்கு அந்தப் படிதான் சான்று. பழைய நாளிதழ்களின் வருடிய படங்களில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஜோட்டெரோ சேமித்த கோப்புகளுக்குள் சொல் தேடித் தரும், ஆனால் படத்தில் உள்ள எழுத்தை அதுவாகப் படிக்காது. எழுத்துணரியில் போட்டு எடுத்துவந்த பிறகே அதில் தேடலாம்.

தானாகக் கிடைக்கும் விவரங்களை அப்படியே ஏற்கக் கூடாது என்பதையும் இந்த இலக்கிய வகைதான் நன்றாகக் கற்பிக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸில் ஒரு குடும்பம் கொல்லப்பட்ட வழக்கைப் பற்றி ட்ரூமன் கபோட்டி எழுதிய 'இன் கோல்ட் பிளட்' இந்த வகுப்புகளில் தவறாமல் இடம்பெறும் நூல். அது 1965 செப்டம்பர் இறுதியிலிருந்து நியூயார்க்கர் இதழில் நான்கு பகுதிகளாக வெளிவந்தது. நூல் வடிவில் கடைக்கு வந்தது 1966-இல். கையில் உள்ள மலிவுப் பதிப்பின் ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொடுத்தால் ஜோட்டெரோ அந்த மறுபதிப்பின் ஆண்டைத்தான் தரும். அது பிழையில்லை, பக்க எண்கள் அந்தப் பதிப்புக்கு உரியவை என்பதால் அந்த ஆண்டு வேண்டியதும்கூட. ஆனால் குற்றவாளிகள் இருவரும் தூக்கிலிடப்பட்டது 1965 ஏப்ரலில். அதற்கு ஐந்து மாதங்களில் இதழில் எழுத்து வந்துவிட்டது என்ற நெருக்கம் பட்டியலில் தெரிய வேண்டுமானால் முதல் வெளியீட்டு ஆண்டும் வேண்டும். அதற்கென்று நேரான கட்டம் கிடையாது. 'எக்ஸ்ட்ரா' என்னும் பொதுக் கட்டத்தில் 'ஒரிஜினல் டேட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு, ஆண்டைக் குறித்தால், அதைக் காட்டக்கூடிய மேற்கோள் நடைகள் (பட்டியலை எந்த வடிவில் அச்சிடுவது என்று சொல்லும் விதித் தொகுப்புகள்) எடுத்துக்கொள்ளும். இது தெரியாமல் ஆண்டு முழுவதும் ஜோட்டெரோ பயன்படுத்துபவர்கள் நிறையப் பேர்.

தொடர்கொலையாளி டெட் பண்டியைப் பற்றி ஆன் ரூல் எழுதிய 'த ஸ்ட்ரேஞ்சர் பிசைட் மி' இன்னும் கடினமான எடுத்துக்காட்டு. 1980-இல் வெளிவந்த அந்நூலுக்குப் பின்னர் வந்த பதிப்புகளில் புதிய பகுதிகள் சேர்ந்துகொண்டே போயின. ஒரே தலைப்பு, ஒரே ஆசிரியர். உள்ளே இருக்கும் செய்தியும் ஆசிரியரின் மனநிலையும் வேறு. ஒன்றுபோல் தெரியும் பதிவுகளை ஜோட்டெரோ தனியே காட்டி, இணைக்கட்டுமா என்று கேட்கும், தானாக இணைத்துவிடாது. இந்தப் பாடத்தில் அந்தக் கேள்விக்கு 'வேண்டாம்' என்பதே பெரும்பாலும் சரியான விடை.

இந்த மென்பொருளின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் வழக்கு ஜெஃப்ரி மெக்டொனால்டு உடையது. 1970-இல் அமெரிக்க இராணுவ மருத்துவரான அவருடைய மனைவியும் இரு மகள்களும் கொல்லப்பட்டனர். 1979-இல் அவரே குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. தாம் குற்றமற்றவர் என்றே அவர் தொடர்ந்து சொல்லிவருகிறார். விசாரணையின்போது அவருடைய தரப்பினரோடு தங்கியிருந்து எழுதிய ஜோ மெக்கின்னிஸ், 1983-இல் வெளியிட்ட 'ஃபேட்டல் விஷன்' நூலில் அவரைக் கொலைகாரராகவே காட்டினார். மெக்டொனால்டு எழுத்தாளர்மீது வழக்குத் தொடுத்தார். 1987-இல் நடுவர்கள் ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் போக, பின்னர் 3,25,000 டாலருக்கு அது சமரசமாக முடிந்தது. அந்த வழக்கை முன்வைத்து, எழுதுபவருக்கும் எழுதப்படுபவருக்கும் இடையிலான உறவையே கேள்விக்குள்ளாக்கி இதழாளர் ஜேனட் மால்கம் 1989-இல் நியூயார்க்கரில் எழுதியது, 1990-இல் 'த ஜர்னலிஸ்ட் அண்ட் த மர்டரர்' என்ற நூலாயிற்று. 2012-இல் ஆவணப்பட இயக்குநர் ஏரல் மாரிஸ் கொலை வழக்கின் தீர்ப்பையே ஐயுற்று மற்றொரு நூல் எழுதினார்.

இத்தனையையும் ஒரே தொகுப்பில் போட்டு, 'தொடர்புடையவை' என்ற பகுதியில் ஒன்றோடொன்று இணைத்துவைத்தால், எந்த நூலைத் திறந்தாலும் அதற்கு வந்த எதிர்வினை பக்கத்திலேயே நிற்கிறது. ஒன்பது குறிச்சொற்கள் வரை நிறம் கொடுக்கலாம் என்பதால் அரசுத் தரப்பு ஆவணம், எதிர்த்தரப்பு ஆவணம், ஆசிரியர் கூற்று, பிற்கால மறுஆய்வு என்று பிரித்து, பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் எந்தப் பக்கம் கனக்கிறது என்று கண்டுகொள்ளலாம். என் வகுப்பில் மாணவர்கள் கொண்டுவரும் பட்டியல்களில் பெரும்பாலும் ஆசிரியர் கூற்றின் நிறம்தான் நிறைந்திருக்கும். தீர்ப்பைத் தேடிப் போனவர் யார் என்று உடனே தெரிந்துவிடும். இதே வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978-இலும் 1982-இலும் ஒரே பெயரில் இரண்டு தீர்ப்புகள் தந்திருக்கிறது. இரண்டும் விரைவான விசாரணைக்கான உரிமையைப் பற்றியவை. அவர் கொன்றாரா இல்லையா என்பதைப் பற்றியவை அல்ல. 'வழக்கு' வகைப் பதிவில் தீர்ப்பு நாளும் தீர்ப்புத் தொகுதி எண்ணும் தனித்தனிக் கட்டங்களாக இருப்பதால் இரண்டும் குழம்பாமல் நிற்கின்றன. உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்தது என்று அவசரமாக எழுதும் மாணவரை, குறிப்புரை எழுதுவதற்காக அந்தத் தீர்ப்பைத் திறந்து படிக்க வேண்டிய கட்டாயமே திருத்திவிடும்.

எல்லை எங்கே என்றால், அந்தத் 'தொடர்புடையவை' இணைப்புக்குப் பெயர் கிடையாது. மால்கமின் நூல் மெக்கின்னிஸின் நூலை மறுக்கிறதா, ஆதரிக்கிறதா, அதைப் பொருளாகக் கொண்டு வேறொன்றைப் பேசுகிறதா என்பதை இணைப்பு சொல்லாது. தொடர்பு உண்டு என்பதோடு நின்றுவிடும். உறவுகளே பாடமாக இருக்கும் இடத்தில் இது பெரிய குறை. வருகிற பதிப்புகளிலாவது ஒரு சொல் எழுத இடம் விட்டால் நல்லது.

படிக்கும் கட்டத்தில்தான் ஜோட்டெரோ தன் முழுத் தகுதியைக் காட்டுகிறது. கோடிட எட்டு நிறங்கள் உண்டு. பக்கப்பட்டியில் ஒரு நிறத்தை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். நான் மாணவர்களுக்குச் சொல்லும் முறை இது: ஆசிரியர் நேரில் கண்டதாகச் சொல்வதற்கு ஒரு நிறம், ஆவணத்திலிருந்து எடுத்ததற்கு ஒரு நிறம், பிறர் சொல்லக் கேட்டதற்கு ஒன்று, யாரும் உடனிருந்திருக்க முடியாத இடத்தில் எழுதப்பட்ட உரையாடலுக்கும் எண்ணவோட்டத்துக்கும் ஒன்று. ஓர் அத்தியாயத்தை இப்படிக் கோடிட்டு முடித்தபின் கடைசி நிறத்தை மட்டும் வடிகட்டிப் பார்த்தால், உண்மைக் கதை என்று அட்டையில் அச்சிட்ட நூலில் எவ்வளவு பகுதி புனைவின் உத்தியால் கட்டப்பட்டிருக்கிறது என்பது கண்ணெதிரே வந்து நிற்கும். பிறகு, கோடிட்டவற்றையெல்லாம் ஒரே கட்டளையில் குறிப்பாக மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு வரியோடும் பக்க எண் வரும். அதைச் சொடுக்கினால் மூலப் பக்கம் திறக்கும். நம்பகத்தன்மையைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதும்போது அதற்கு ஆதாரமான பக்கம் விரல் நுனியில் இருப்பது குறிப்புரையின் தரத்தை உயர்த்துகிறது. 'ஆசிரியர் சில இடங்களில் மிகைப்படுத்துகிறார்' என்ற வெற்று வாக்கியத்தின் இடத்தில் எந்தப் பக்கம், எந்த உரையாடல் என்று எழுதப் பழகுகிறார்கள்.

இவ்வளவு நன்றாகக் கொண்டுவந்து சேர்த்த மென்பொருள் கடைசியில் கையை விரிக்கிறது. குறிப்புகளை எழுத இயல்பாக எவரும் போகும் இடம், பதிவின் கீழே தொங்கும் குறிப்புத் தாள். மேற்கோள் நடைகளுக்கு அந்தத் தாள் கண்ணில் படாது. பட்டியலோடு சேர்ந்து குறிப்புரையும் வர வேண்டுமானால் அதற்கென்று உள்ள நடைகளைத் தரவிறக்கிக்கொள்ள வேண்டும். அவற்றில் சில 'எக்ஸ்ட்ரா' கட்டத்தில் உள்ளதை எடுத்து அச்சிடும். சில 'அப்ஸ்ட்ராக்ட்' கட்டத்தில் உள்ளதை எடுக்கும். முதல் வழியில், முன்பு சொன்ன முதல் வெளியீட்டு ஆண்டும் குறிப்புரையும் ஒரே கட்டத்தில் நெருக்கிக்கொண்டு கிடக்கும். முக்காற்புள்ளியோடு தொடங்கும் சில ஆங்கிலச் சொற்களை மென்பொருள் விவரமாக எடுத்துக்கொண்டு அந்த வரியைக் குறிப்புரையிலிருந்து விட்டுவிடும் என்பதால், வரியின் தொடக்கத்தில் என்ன எழுதுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். நீண்ட குறிப்புரையை அந்தச் சிறிய கட்டத்துக்குள் எழுதித் திருத்துவது சலிப்பான வேலை.

இரண்டாம் வழி இன்னும் ஆபத்தானது. 'அப்ஸ்ட்ராக்ட்' கட்டத்தை உலாவி நீட்சி தானாகவே நிரப்பிவிடுகிறது. ஆய்விதழ்க் கட்டுரையென்றால் அதன் சுருக்கம் வரும். நூலென்றால் பல நேரங்களில் பதிப்பகம் விற்பனைக்காக எழுதிய பின்னட்டை வாசகம் வரும். அதைக் கவனிக்காமல் அந்த நடையைத் தேர்ந்தால், ஒரு சொல்லும் எழுதாமலேயே முழுமையான குறிப்புரைப் பட்டியல் ஒன்று திரையில் உருவாகிவிடும். குற்ற நூல்களின் பின்னட்டை வாசகங்கள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நடுங்கவைக்கும், உறைந்துபோகச் செய்யும், இதுவரை வெளிவராத உண்மை என்று முழங்கும். நூலை எடைபோட வேண்டிய இடத்தில் நூலின் விளம்பரம் வந்து உட்கார்ந்திருப்பதை எந்த ஆசிரியரும் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். ஆகவே நான் பரிந்துரைப்பது சற்றுப் பழைய முறை: குறிப்புரையைக் குறிப்புத் தாளிலேயே எழுதுங்கள், பதிவுகளைத் தேர்ந்து, வழக்கமான நடையில் பட்டியலை மட்டும் உருவாக்கி, ஆவணத்தில் ஒட்டுங்கள், ஒவ்வொரு பதிவின் கீழும் உங்கள் குறிப்புரையைக் கையால் சேருங்கள். பத்து பதினைந்து மூலங்கள் உள்ள வகுப்புப் பணிக்கு இது பெரிய சுமையன்று. ஒட்டும்போது ஒவ்வொரு குறிப்புரையையும் மறுபடி ஒருமுறை படிக்கவும் நேரும்.

ஆய்விதழ்க் கட்டுரை ஒன்று திரும்பப் பெறப்பட்டிருந்தால் ஜோட்டெரோ சிவப்புப் பட்டையிட்டு எச்சரிக்கும். தடயவியலையோ குற்ற உளவியலையோ மேற்கோள் காட்டுபவர்களுக்கு இது நல்ல காவல். அந்தக் காவல் நூல்களுக்கு நீள்வதில்லை. கபோட்டியின் நூலில் விவரங்கள் முரண்படுவதை ஃபிலிப் டாம்ப்கின்ஸ் 1966-இலேயே எஸ்குயர் இதழில் எடுத்துக்காட்டினார். இறுதியில் வரும் கல்லறைத் தோட்டச் சந்திப்பு நடக்கவே இல்லை என்பதும் பின்னர் வெளியாயிற்று. ஜோட்டெரோவின் பதிவில் அந்நூல் இன்றும் எந்த அடையாளமும் இல்லாமல் மற்ற நூல்களைப் போலவே நிற்கும். அந்த எச்சரிக்கையை எழுத வேண்டியவர் மாணவர்; இந்தப் பணி தரப்படுவதே அதற்காகத்தான்.

பெயர்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஆசிரியர் பெயரை முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டாகப் பிரிப்பதே ஜோட்டெரோவின் இயல்பு. தலைப்பெழுத்தும் இயற்பெயரும் மட்டும் உள்ளவர்களுக்கும், நிறுவனத்தின் பெயரில் வரும் அறிக்கைகளுக்கும், பக்கத்தில் உள்ள பொத்தானால் ஒற்றைக் கட்டமாக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றாவிட்டால் விசாரணை ஆணையத்தின் பெயர் நடுவில் ஒரு காற்புள்ளியோடு அச்சாகும்.

வகுப்பாகப் பயன்படுத்தக் குழு நூலகம் வசதியானது. உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. ஒருவர் கோடிட்டது மற்றவர்களுக்கு அவர் பெயரோடு தெரியும். ஒரே பத்தியை இருவர் வெவ்வேறு நிறத்தில் கோடிட்டிருந்தால் அன்றைய விவாதத்துக்கு வேறு தலைப்புத் தேட வேண்டியதில்லை. ஆனால் குழுவைத் தொடங்கும்போதே அதைத் தனிக்குழு என்று அமைத்துவிடுங்கள். பொதுக்குழுவாக வைத்தால் அதன் பக்கம் இணையத்தில் யார் கண்ணிலும் படலாம். பிணக்கூறாய்வு விவரங்களும், கொல்லப்பட்டவரின் குடும்பத்தார் பெயர்களும், மாணவர்கள் தயங்கித் தயங்கி எழுதிய முதல் வரைவுகளும் அங்கே கிடக்க வேண்டியதில்லை.

கட்டணத்தைப் பொறுத்தவரை, கோப்புகளைச் சேமிக்க 300 மெகாபைட் இடம் இலவசம். 2 ஜிகாபைட்டுக்கு ஆண்டுக்கு 20 டாலர், 6 ஜிகாபைட்டுக்கு 60, வரம்பில்லாமல் வேண்டுமானால் 120. பதிவுகளுக்கும் குறிப்புகளுக்கும் இந்தக் கணக்கு இல்லை. இணைத்த கோப்புகளுக்கு மட்டும்தான். தனி மாணவர் ஒருவருக்கு இலவச அளவு ஒரு பருவத்துக்குத் தாராளமாகப் போதும், வருடிய நாளிதழ்ப் படங்களை அள்ளிப் போடாதவரை. குழுவில் எல்லாரும் போடும் கோப்புகளும் குழுவை உருவாக்கியவரின் கணக்கில்தான் ஏறும் என்பதால், அந்தச் செலவு ஆசிரியரின் தலையில் விழும். ஒரே ஒரு பட்டியல் போட்டால் போதும், பிறகு வேண்டாம் என்பவர்கள் இத்தனை கற்கத் தேவையில்லை. ஜோட்டெரோவை உருவாக்கியவர்களே கணக்குத் தொடங்காமல் பயன்படுத்தும்படி தரும் ஜோட்டெரோபிப் என்ற இணையச் சேவை போதுமானது. இதே வகை மென்பொருளான எண்ட்நோட் விலைகொடுத்து வாங்க வேண்டியது. கல்வி நிறுவனம் ஏற்கெனவே வாங்கித் தந்திருந்தாலன்றி ஒரு மாணவர் இந்தப் பணிக்காக அதைத் தேடிப் போகக் காரணம் இல்லை.

பருவம் முடிந்து குழுவைக் கலைப்பதற்கு முன், மாணவர்கள் தங்களுக்கு வேண்டிய பதிவுகளைக் குழுவிலிருந்து தங்கள் சொந்த நூலகத்துக்கு இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அப்படி எடுத்தவை தனிப் படிகள்; அதன்பின் குழுவில் நடக்கும் திருத்தம் எதுவும் அவற்றுக்கு வந்து சேராது.